மஞ்சள் வந்துச்சு, ஆனா என்சைம்ல இருந்து வரல: சேலத்துல ஹியூமன் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் எடுத்த பதிவு

ஹியூமன் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2 இப்ப எங்க லேப் ஃப்ரீசர்ல சின்னச் சின்ன டியூப்ல இருக்கு, வேலை செய்யுது, டயமாக்ஸ்ங்கற கண் அழுத்த மருந்து போட்டா நிக்குது. இந்த மூணையும் ஒரே வரியில எழுதுற நிலைக்கு வர்றதுக்கு சித்திரைல ஆரம்பிச்ச வேலை ஐப்பசி வரைக்கும் இழுத்துடுச்சு, நடுவுல ரெண்டு இடத்துல மொத்தமா வழி மாறிப் போயிட்டோம், அந்த ரெண்டு இடத்தையும்தான் விரிவா எழுதப் போறேன், ஏன்னா புரோட்டோகால்ல எல்லாம் அது இருக்காது. நம்ம ஊர் மாதிரி காலேஜ் லேப்ல இருந்துக்கிட்டு ஒரு மனுஷப் புரோட்டீனை பாக்டீரியாவுல இருந்து எடுக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு உபயோகப்படும்.

எதுக்கு இந்த என்சைம்னு மட்டும் சுருக்கமா சொல்லிடறேன். எம்எஸ்சி புராஜெக்ட் பண்ற பொண்ணு ஒருத்தி, வீடு கருப்பூர் பக்கம், வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், சுரங்கம் பாத்து வளர்ந்தவ. மேக்னசைட்டைச் சூளையில சுட்டா கார்பன் டை ஆக்சைடு கிளம்பும், கணக்குப் போட்டா சுத்தமான மேக்னசைட் 84 கிராமுக்கு 44 கிராம் கேஸ், அதாவது எடையில பாதிக்கும் மேல காத்துல போகுது. அந்தக் கேஸைத் தண்ணியில புடிச்சு வைக்க ஒரு என்சைம் உதவுமா சார்னு கேட்டா. உதவும், அது நம்ம ரத்தச் சிவப்பணுலயே இருக்கு, 1933-லயே கண்டுபுடிச்சாச்சு, கார்பன் டை ஆக்சைடைத் தண்ணியோட சேர்த்து பைகார்பனேட் ஆக்குறதுதான் அதோட வேலை, ஒரு மூலக்கூறு ஒரு செகண்டுக்கு சுமார் 10 லட்சம் தடவை அதைச் செய்யும். கூடவே இன்னொரு பையன் கண் அழுத்தத்துக்குக் குடுக்கிற மருந்துங்க இதே என்சைமை எப்படி நிறுத்துதுன்னு பாக்கணும்னான், அவனுக்கு மாட்டு ரத்தத்துல எடுத்தது பத்தாது, மனுஷனோடதுதான் வேணும்.

விலைக்கு வாங்கலாம், ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’னு ஒட்டி மைக்ரோகிராம் கணக்குல வருது. பிள்ளைங்க ஒரு மத்தியானத்துல முப்பது நாப்பது டியூப் போடுவாங்க, அந்த அளவுக்கு மைக்ரோகிராம் தாங்காது. அதுவும் போக கோடைல கூரியர்ல வர்ற ஜெல் பேக் நம்ம கைக்கு வரும்போது வெதுவெதுன்னு இருக்கு, உள்ள இருக்கிற புரோட்டீன் என்ன கதில இருக்கும்னு யாருக்குத் தெரியும். அதனால நாமளே எடுத்துடலாம்னு முடிவு பண்ணோம்.

இந்தப் புரோட்டீன் ஆரம்பிக்கிறவங்களுக்கு ரொம்ப நல்லது. 260 அமினோ ஆசிட், 29 கிலோ டால்டன், சர்க்கரை எதுவும் ஒட்டத் தேவையில்ல, சிஸ்டீன் ஒண்ணே ஒண்ணுதான், அதனால ரெண்டு சிஸ்டீன் சேர்ந்து போடுற டைசல்ஃபைடு பிணைப்புப் பிரச்சனையே கிடையாது, ஈ கோலை பாக்டீரியா சமாளிச்சுடும். ஒரே ஒரு விஷயம், நடுவுல ஒரு ஜிங்க் அயன் உக்காரணும், 94, 96, 119 இந்த மூணு ஹிஸ்டிடினும் சேர்ந்து அதைப் புடிச்சிருக்கும். ஜிங்க் இல்லன்னா புரோட்டீன் இருக்கும், ஜெல்ல பேண்டு அழகா தெரியும், வேலை மட்டும் செய்யாது. இது எனக்குப் படிச்சுத் தெரியும், ஆனா கைல பட்டப்பதான் நிஜமா புரிஞ்சுது.

ஜீனை ஈ கோலைக்கு ஏத்த கோடான்ல எழுதி, முன்பக்கம் ஆறு ஹிஸ்டிடின் டேக் (நிக்கல்ல ஒட்டிக்கிற வால்) வர்ற மாதிரி பெட் 28ஏ பிளாஸ்மிட்ல (பாக்டீரியாவுக்குள்ள ஜீனைக் கொண்டுபோற டிஎன்ஏ வளையம்) போட்டு வாங்கினோம், சுமார் 9,500 ரூபாய் ஆச்சு. டியூப்ல காஞ்ச பொடியா 4 மைக்ரோகிராம் வரும், கண்ணுக்கே தெரியாது, திறக்கிறதுக்கு முன்னாடி கட்டாயம் ஒரு சுத்து சென்ட்ரிஃப்யூஜ் பண்ணுங்க, இல்லன்னா மூடியோட போயிடும். காலேஜ் உயிரியல் பாதுகாப்புக் குழு அனுமதி வாங்கினதுக்கப்புறம்தான் பாக்டீரியாவத் தொட்டோம், இதுல குறுக்கு வழி வேணாம். பிஎல்21 டிஇ3 செல், 42 டிகிரில 45 செகண்ட் சூடு, கானமைசின் 50 மைக்ரோகிராம் பிளேட், மறுநாள் காலைல காலனி வந்திருச்சு. இதுல சொல்ல ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் வர்ற மாதிரிதான் வந்துச்சு.

முதல் பேட்ச் டிபி மீடியத்துல போட்டோம், டெரிஃபிக் பிராத்துங்கறது. சாதாரணமா உபயோகிக்கிற எல்பி மீடியத்தை விட ரெண்டு மூணு மடங்கு செல் வரும், அதுதான் காரணம். 37 டிகிரி, 250 மில்லி, ஒரு லிட்டர் கூம்புக் குடுவை. ஓடி (கலங்கலை அளக்கிற எண், செல் வளர்ந்தா ஏறும்) 0.7 வந்ததும் ஜீனை முடுக்கிவிடற ஐபிடிஜி 0.5 மில்லி மோலார், கூடவே ஜிங்க் சல்ஃபேட் 0.5 மில்லி மோலார். ஜிங்க் ஊத்தின உடனே மீடியம் பால் தெளிச்ச மாதிரி ஆயிடுச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஓடி எடுத்தா 1.1. அஞ்சு நிமிஷத்துல பாக்டீரியா இந்த அளவுக்கு வளராது, சரி மெஷின்தான் ஏதோ காட்டுதுன்னு அப்போதைக்கு விட்டுட்டோம், நோட்டுல மட்டும் அந்தப் பொண்ணு ‘வெள்ளையா கலங்குச்சு’ன்னு எழுதி வெச்சிருந்தா. அந்த ஒரு வரி பின்னாடி எங்களுக்கு ரொம்ப உதவுச்சு.

புரோட்டீன் மெதுவா வந்து கரைஞ்ச நிலையில இருக்கட்டும்னு, டெம்பரேச்சரைக் குறைச்சு 20 டிகிரில ராத்திரி முழுக்க விடணும்னுதான் திட்டம். எங்க ஷேக்கர் இன்குபேட்டர்ல சூடு மட்டும்தான் இருக்கு, கூலிங் கிடையாது, அதாவது ரூம் டெம்பரேச்சருக்குக் கீழ போகவே போகாது. சேலத்துல சித்திரை மாசம் ரூமே 36, 37, மோட்டார் சூடு வேற சேரும். அதனால முதல் பேட்ச் 37-லயே நாலு மணி நேரம் ஓடுச்சு. ஏற்காட்டுல இருந்து வர்ற பையன் எங்க ஊர்ல வெச்சா ராத்திரி தானா 20 வந்துரும் சார்னான், உண்மைதான், 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா போதும். ஆனா மரபணு மாத்தின பாக்டீரியாவ லேபை விட்டு வெளிய எடுத்துட்டுப் போற பேச்சுக்கே இடமில்ல. வேற வழி கிடைச்சுது, அது பின்னாடி வரும்.

செல்லை உடைக்கிறதுக்கு பக்கத்து டிபார்ட்மெண்ட்ல சோனிகேட்டர் கேட்டு வாங்கினோம். ஐஸ் மட்டும் வெளிய இருந்து, ஐஸ் ஃபேக்டரில கட்டி ஐஸ் வாங்கி கோணிப்பைல போட்டு உடைச்சு, உப்பு கலந்து பீக்கர் கழுத்து வரைக்கும் புதைச்சு வெச்சோம். 10 செகண்ட் ஓட்டம் 20 செகண்ட் ஓய்வு, மொத்த ஓட்டம் 5 நிமிஷம். புரோப் நுனி தண்ணிக்கு மேல வந்தா நுரை கட்டிடும், நுரை கட்டினா புரோட்டீன் கெடும், அதனால புரோபை அடியில இருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்துல நிறுத்தி ஸ்டாண்டுல இறுக்கிட்டோம். முதல்ல பைபெட்ல உறிஞ்சினா டிஎன்ஏ நூல் நூலா இழுத்துச்சு, இன்னும் ஒரு நிமிஷம் ஓட்டினதும் இழுக்கறது நின்னுடுச்சு, அதுதான் நிறுத்த வேண்டிய அடையாளம். பஃபர் டிரிஸ் 50 மில்லி மோலார் பிஎச் 8, உப்பு 300, இமிடசோல் 20, புரோட்டீனைத் தின்கிற புரோட்டியேஸை நிறுத்துற பிஎம்எஸ்எஃப் ஐசோபுரோபனால்ல கரைச்சு கடைசி நேரத்துல. ஈடிடிஏ கலந்த புரோட்டியேஸ் மருந்து மட்டும் போடாதீங்க, நிக்கல் காலத்துல (புரோட்டீனைப் புடிக்கிற ரெசின் குழாய்) இருக்கிற நிக்கலையே உருவிடும்.

ஜெல் ஓட்டினோம். 29-க்குப் பக்கத்துல தடியா ஒரு பேண்டு, டேக் இருக்கறதால கொஞ்சம் மேல. பிள்ளைங்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனா பாதிக்கு மேல கரையாம அடியில, பெல்லட்ல கிடந்துச்சு. இந்தப் புரோட்டீனை 37-லயே நல்லா கரையிற மாதிரி எடுக்கிறவங்க இருக்காங்க, எங்களுக்கு அப்படி வரல. இருக்கிறதை வெச்சு போகலாம்னு மேல் தண்ணிய மட்டும் எடுத்துக்கிட்டோம்.

காலம் வாங்கல. 10 மில்லி சிரிஞ்சுல பிளஞ்சரை உருவிட்டு அடியில கிளாஸ் ஊல் கொஞ்சம் அமுக்கி, நிக்கல் ரெசின் 2 மில்லி ஊத்தினோம். கிளாஸ் ஊலை கிளவுஸ் போட்டுத்தான் தொடணும், அளவும் கம்மியா வைக்கணும், ஜாஸ்தியானா சொட்டே விழாது. ரெசின் 10 மில்லி பாட்டில் 14,000 ரூபாய், மொத்தச் செலவுல இதுதான் பெருசு, ஆனா கழுவிக் கழுவி திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம், நீல நிறம் வெளுக்காத வரைக்கும். 20 மில்லி மோலார் இமிடசோல்ல (டேக்கை நிக்கல்ல இருந்து தள்ளிவிடறது இதுதான்) கழுவி, அப்புறம் 40, கடைசியில 250-ல இறக்கினோம், ஒவ்வொரு மில்லியா டியூப்ல புடிச்சு. எந்த டியூப்ல புரோட்டீன் இருக்குன்னு பாக்க பாராஃபிலிம் மேல பிராட்ஃபோர்ட் சாயம் சொட்டுச் சொட்டா வெச்சு, ஒவ்வொண்ணுலயும் 5 மைக்ரோலிட்டர் தொட்டோம். பழுப்புச் சொட்டு நீலமா மாறும். 2, 3, 4 நல்ல நீலம், 5 லேசா, 6, 7 பழுப்பாவே இருந்துச்சு.

இப்பதான் முக்கியமான இடம். வேலை செய்யுதான்னு பாக்க நைட்ரோபீனைல் அசிடேட். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் இந்த எஸ்டரையும் கொஞ்சம் உடைக்கும், உடைஞ்சா நைட்ரோபீனால் வரும், மஞ்சள் கலர், 400 நானோமீட்டர்ல அளக்கலாம், சாதாரண ஸ்பெக்ட்ரோ போதும். அசிட்டோன்ல 50 மில்லி மோலார் கரைசல், அதுல 10 மைக்ரோலிட்டரை ஒரு மில்லி டிரிஸ் சல்ஃபேட் பிஎச் 7.6-ல. இதுல மூணாவது ஃப்ராக்ஷன், அதாவது மூணாவது டியூப், 10 மைக்ரோலிட்டர் விட்டதும் கண்ணு முன்னாடியே மஞ்சள் ஏறுச்சு. ஸ்பெக்ட்ரோல நிமிஷத்துக்கு 0.4-க்கு மேல. பிள்ளைங்க போட்டோ எடுத்தாங்க, கைதட்டினாங்க, நானும் சேர்ந்து தட்டினேன்.

சந்தேகம் ஏழாவது டியூப்ல இருந்து வந்துச்சு. பழக்கத்துல அந்தப் பையன் எல்லா ஃப்ராக்ஷனையும் வரிசையா போட்டுட்டு வந்தான், 6-ம் 7-ம் கூட மஞ்சள் ஆச்சு, அதுவும் கிட்டத்தட்ட அதே வேகத்துல. பிராட்ஃபோர்ட் சொட்டு பழுப்பா இருந்த டியூப் அது. புரோட்டீனே இல்லாத டியூப்ல என்சைம் எங்க இருந்து வரும்? உடனே காலத்துல ஏறாத, பாட்டில்ல இருக்கிற எலூஷன் பஃபர் (புரோட்டீனை இறக்கின அந்த 250 இமிடசோல் பஃபர்) 10 மைக்ரோலிட்டர் போடச் சொன்னேன். மஞ்சள். நிமிஷத்துக்கு 0.4.

காரணம் இமிடசோல். அந்த எஸ்டரை உடைக்கிறதுக்கு இமிடசோலே போதும், வேதியியல்காரங்க 1950-கள்லயே இந்த வினையத்தான் என்சைம் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்க மாதிரியா வெச்சுப் படிச்சாங்க, ஏன்னா ஹிஸ்டிடினோட பக்கக் கை இமிடசோல்தானே. 250 மில்லி மோலார்ல இருந்து 10 மைக்ரோலிட்டர் ஒரு மில்லில போனா 2.5 மில்லி மோலார், எங்க என்சைமோ மைக்ரோ மோலாருக்கும் கீழ, ஆயிரக்கணக்கான மடங்கு கூட்டத்துக்கு நடுவுல என்சைமோட சத்தம் எங்க கேக்கும். ஹிஸ் டேக் போட்டு எடுத்து நைட்ரோபீனைல் அசிடேட்ல பாக்கிற எல்லாரும், முதல் கண்ட்ரோலா வெறும் எலூஷன் பஃபரைப் போட்டே ஆகணும். இதை நான் இந்தப் பதிவுல வேற எதையும் விட அழுத்திச் சொல்றேன், ஏன்னா நாங்க அந்த ஆறாவது ஏழாவது டியூபைப் போடாம விட்டிருந்தா அந்த மஞ்சளையே ரிசல்ட்னு எழுதி தீசிஸ்ல ஒட்டியிருப்போம், அது ஒரு பொண்ணோட பேர்ல போயிருக்கும்.

அப்புறம் இமிடசோலை வெளியேத்த டயாலிசிஸ். சின்ன மூலக்கூறு மட்டும் வெளிய போற 12 கிலோ டால்டன் குழாய், ரெண்டு நுனியும் முடிச்சுப் போட்டு, ஒரு லிட்டர் டிரிஸ் சல்ஃபேட்ல, ஃப்ரிட்ஜுக்குள்ள ஸ்டிரரோட ராத்திரி, மறுநாள் காலைல பஃபர் மாத்தி இன்னொரு அரை நாள். உள்ள இருக்கிறது 3 மில்லி, வெளிய ஒரு லிட்டர், ரெண்டு தடவை மாத்தினா இமிடசோல் கணக்குலயே வராது. ஆனா நம்பிக்கையில விடல, வெளிப் பஃபர்ல இருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து எஸ்டர்ல போட்டுப் பாத்தோம், நிமிஷத்துக்கு 0.01, அதாவது தானா உடையிற வேகம் மட்டும்.

டயாலிசிஸ் பண்ண புரோட்டீனை 0.25 மைக்ரோ மோலார் போட்டா கூடுதலா வந்தது 0.05. இருக்கு, ஆனா வர வேண்டியதுல கால் பங்கு கூட இல்ல. அளவு தப்பான்னு 280 நானோமீட்டர்ல திரும்ப எடுத்தோம், இந்த என்சைமுக்கு 280-ல மோலார் மதிப்பு 54,000 பக்கம், அப்படின்னா மில்லிக்கு ஒரு மில்லிகிராம் இருந்தா 1.87 காட்டும். இதுல ஒண்ணு கவனிங்க, டயாலிசிஸுக்கு முன்னாடி எடுத்தா இமிடசோலும் 280-ல கொஞ்சம் காட்டும், அதனால அதே பஃபரை பிளாங்கா வைக்கணும். அளவு சரியாத்தான் இருந்துச்சு. புரோட்டீன் இருக்கு, வேலைதான் குறைவு.

அப்பதான் நோட்டுல இருந்த ‘வெள்ளையா கலங்குச்சு’ ஞாபகம் வந்துச்சு. டிபி மீடியத்துல பொட்டாசியம் பாஸ்பேட் ரெண்டும் சேர்ந்து 90 மில்லி மோலார் பக்கம் இருக்கு. ஜிங்க் பாஸ்பேட் தண்ணில கரையாது. செல்லே இல்லாத வெறும் டிபியில ஒரு டியூப்ல ஜிங்க் சல்ஃபேட் விட்டுப் பாத்தோம், அதே வெள்ளைக் கலங்கல், சென்ட்ரிஃப்யூஜ் பண்ணா அடியில வெள்ளையா ஒரு படிவு. ஓடி 0.7-ல இருந்து 1.1 ஏறினது பாக்டீரியா இல்ல, இந்தப் பொடி. நாங்க குடுத்த ஜிங்க்ல பெரும்பகுதி பாட்டில் அடியிலயே உக்காந்துடுச்சு, புரோட்டீனுக்குப் போய்ச் சேரல.

உறுதி பண்ண ஒரு சோதனை. இருக்கிற புரோட்டீனை 20 மைக்ரோ மோலார் எடுத்து, ஜிங்க் சல்ஃபேட் அதே 20 மைக்ரோ மோலார் கலந்து, ஐஸ்ல ஒரு மணி நேரம். திரும்ப எஸ்டர்ல போட்டா 0.05 இருந்தது 0.2 ஆச்சு. ஜிங்க் மட்டும் தனியா போட்டா வெறும் பஃபர் மாதிரியே. காலியா இருந்த இடத்துல ஜிங்க் போய் உக்காந்ததும் எழுந்துடுச்சு. அந்த கிராப் ரெண்டு கோடுதான், ஆனா என் சர்வீஸ்ல எனக்கு ரொம்பப் புடிச்ச கிராப் அது.

ரெண்டாவது பேட்ச் எல்பில போட்டோம், பாஸ்பேட் தனியா சேர்க்காத மீடியம். ஜிங்க்கை ஐபிடிஜி கூடவே, அதே 0.5 மில்லி மோலார், லேசா ஒரு மங்கல் வந்துச்சு, அவ்வளவுதான். டெம்பரேச்சருக்குக் கிடைச்ச வழி இதுதான், இன்குபேட்டரை விட்டுட்டு மூடி இல்லாத பழைய பிளாட்ஃபார்ம் ஷேக்கர் ஒண்ணை ஏசி இருக்கிற இன்ஸ்ட்ருமெண்ட் ரூமுக்கு மாத்தினோம். ஹெச்ஓடி முதல்ல ஒத்துக்கல, பேலன்ஸ் இருக்கிற ரூம்ல ஆட்டம் ஆடுற மெஷினான்னாங்க, நியாயமான கேள்வி. ஷேக்கரைத் தரையில, ரப்பர் ஷீட் மேல வெச்சு, அது ஓடுற ராத்திரி மட்டும் பேலன்ஸை யாரும் தொடக்கூடாதுன்னு பேப்பர் ஒட்டினதும் சரின்னாங்க. ஏசி 18-ல வெச்சா குடுவைக்குள்ள தெர்மாமீட்டர் 21 காட்டுச்சு, போதும். வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கரண்ட் போய் வந்தா ஏசிய திரும்பப் போட்டுவிடச் சொல்லியிருந்தோம், நடுராத்திரி ஒரு தடவை போய் வந்திருக்கு, அவர் போட்டுட்டு நேரத்தைக் கூட பேப்பர்ல எழுதி வெச்சிருந்தார். அவர் இல்லன்னா அந்த பேட்ச் இல்ல.

500 மில்லி எல்பில இருந்து கடைசியா கைக்கு வந்தது 22 மில்லிகிராம். டிபிய விட செல் கம்மிதான், ஆனா பெல்லட்ல போனது ரொம்பக் கொஞ்சம். 0.25 மைக்ரோ மோலாருக்கு 0.23, கூட ஜிங்க் சேர்த்தாலும் அதுக்கு மேல ஏறல, அதாவது எல்லா மூலக்கூறும் ஏற்கெனவே நிறைஞ்சிருக்கு.

டயமாக்ஸ் சோதனை. உள்ள இருக்கிறது அசிட்டசோலமைடு, 250 மில்லிகிராம் மாத்திரை, எங்க அம்மாவுக்குக் கண் அழுத்தத்துக்கு டாக்டர் எழுதிக் குடுத்ததுல மாத்திரை மாறினதால மீந்துபோன அட்டை. ஒரு மாத்திரையை நுணுக்கி 11 மில்லி டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான்ல கரைச்சா சுமாரா 100 மில்லி மோலார், கரையாத மாவை சென்ட்ரிஃப்யூஜ்ல தள்ளிடலாம். அதை டிஎம்எஸ்ஓலயும் பஃபர்லயுமா படிப்படியா நீர்த்து, கடைசியில 1 மைக்ரோ மோலார் வர்ற மாதிரி என்சைமோட 10 நிமிஷம் வெச்சு எஸ்டர் விட்டா, கோடு படுத்துடுச்சு, என்சைம் இல்லாத பிளாங்க் வேகம்தான். வெறும் டிஎம்எஸ்ஓ போட்டது பாட்டுக்கு ஓடுச்சு. இமிடசோல் மஞ்சளுக்கு இதே மருந்தைப் போட்டுப் பாத்தோம், அது சட்டையே பண்ணல. எது என்சைம் மஞ்சள், எது இமிடசோல் மஞ்சள்னு பிரிக்கிறதுக்கு இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியாது. தீசிஸ்ல போடுற அளவுக்கு வேணும்னா சுத்தமான பவுடர் வாங்கணும், மாத்திரை கையோட பாக்கிறதுக்குத்தான்.

எஸ்டர் அதோட சொந்த வேலை இல்ல, கார்பன் டை ஆக்சைடுதான் அதோட வேலை. அதுக்கு வில்பர் ஆண்டர்சன் முறை இருக்கு, டிரிஸ் 20 மில்லி மோலார் பிஎச் 8.3, அதுல கார்பன் டை ஆக்சைடு கரைஞ்ச தண்ணிய ஊத்தி பிஎச் 6.3-க்கு இறங்க எவ்வளவு செகண்ட் ஆகுதுன்னு பாக்கிறது, எல்லாம் ஐஸ்ல. எங்ககிட்ட கேஸ் சிலிண்டர் இல்ல. கடை சோடால சோடா உப்பு கலந்திருந்தா பிஎச்சை இறங்கவிடாம புடிச்சு வெச்சிரும். அதனால செவ்வாய்ப்பேட்டைல கோலி சோடா போடுற ஒருத்தர்கிட்ட எங்க டிஸ்டில்டு வாட்டர் கேனைத் தூக்கிட்டுப் போனோம்.

“ஏனுங்கண்ணா, இந்தத் தண்ணில கேஸ் மட்டும் ஏத்திக் குடுக்க முடியுங்களா?”

“உப்பு, எசன்ஸ் எதுவும் வேண்டாமுங்களா? குடிச்சா நல்லா இருக்காதுங்க சார்.”

“குடிக்கறதுக்கு இல்லீங்கண்ணா, லேபுக்கு.”

அவர் பாட்டிலை எங்க தண்ணிலயே மூணு தடவை அலசி, நிரப்பி, மெஷின்ல மாட்டிச் சுத்தினார், கோலி டக்குன்னு மேல ஏறி அடைச்சுது. பாட்டிலுக்கு டெபாசிட் மட்டும் வாங்கிக்கிட்டார், கேஸுக்குக் காசு வேணாம்னுட்டார்.

லேப்ல வந்து உடனே திறந்து போட்டா ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒவ்வொரு நேரம் வந்துச்சு, ஏன்னா அழுத்தத்துல ஏத்தின கேஸ் தேவைக்கு அதிகமா இருக்கு. கோலியைத் தள்ளி, அதை பீக்கர்ல ஊத்தி ஐஸ்ல ஒரு கால் மணி நேரம் வெச்சு குமிழி அடங்கினதும் போட்டா நேரம் ஒண்ணா வந்துச்சு. 6 மில்லி டிரிஸ், பிஎச் காட்டுற சாயம் புரோமோதைமால் புளூ ரெண்டு சொட்டு, அதுல 4 மில்லி சோடா. என்சைம் இல்லாம நீலம் பச்சையாகி மஞ்சளுக்கு வர 80 செகண்ட் பக்கம். 1 மைக்ரோகிராம் என்சைம் போட்டது 19. ஒரு மைக்ரோகிராம்தான், டிப் நுனில தெரியவே தெரியாத அளவு, ஊத்தின கையை எடுக்கிறதுக்குள்ள நீலம் பச்சைக்குத் தாவிடுச்சு. 2 மைக்ரோகிராம் போட்டா ஸ்டாப்வாட்ச்ல கை சரியா பதியல, அதனால ஒண்ணுலயே நிறுத்திக்கிட்டோம். டயமாக்ஸோட சேர்த்துப் போட்டது திரும்ப 76-க்குப் போயிடுச்சு. சூளை வேலையைக் கேட்ட அந்தப் பொண்ணு அன்னிக்கு பீக்கரை விட்டு நகரல, பாட்டில் தீர்ற வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்தா.

பாதுகாக்கிறதுக்கு கிளிசரால் 20 சதவீதம், 50 மைக்ரோலிட்டர் டியூப்ல பிரிச்சு மைனஸ் 20-ல. சின்ன டியூப்ல பிரிக்கிறது இங்க ரொம்ப முக்கியம், பெரிய பாட்டில்ல வெச்சா எடுக்கிற ஒவ்வொரு தடவையும் மொத்தமும் உருகி உறையும். ஒரு மாசம் கழிச்சு எடுத்துப் பாத்தோம், பெருசா ஒண்ணும் குறையல. கழிவு மீடியம் எல்லாம் ஹைபோகுளோரைட்ல ராத்திரி ஊற வெச்சு, கண்ணாடி எல்லாம் ஆட்டோகிளேவ்.

செலவு மொத்தம் 34,000 ரூபாய் பக்கம், ஜீனும் ரெசினும்தான் முக்கால்வாசி, மிச்சம் ஐபிடிஜி, கானமைசின், டயாலிசிஸ் குழாய், ஐஸ், ஆட்டோ. அடுத்த பேட்சுக்கு ஜீன் ரெசின் ரெண்டுமே திரும்ப வாங்க வேண்டாம், அப்ப 4,000-க்குள்ள முடிஞ்சிடும்.

அடுத்த தடவை மாத்தறது இதுதான். நிக்கலையும் இமிடசோலையும் மொத்தமா விட்டுட்டு சல்ஃபோனமைடு ரெசின்ல புடிக்கணும். டயமாக்ஸும் சல்ஃபோனமைடுதான், அதே மாதிரி ஒரு கொக்கியை அகரோஸ்ல கட்டி வெச்சிருப்பாங்க, ஜிங்க் சரியா உக்காந்த, நல்லா மடிஞ்ச என்சைம் மட்டும்தான் அதுல மாட்டும், காலியா இருக்கிறது வழிஞ்சு போயிடும். அப்படின்னா காலத்துல இருந்து வர்றது எல்லாமே வேலை செய்யறதா இருக்கும், ஹிஸ் டேக்கும் தேவைப்படாது. இறக்கிறதுக்கு சோடியம் அசைடு மாதிரி ஏதாவது வேணும், அது விஷம், அதோட அசைடும் இந்த என்சைமை நிறுத்தும், அதனால டயாலிசிஸ் அப்பவும் உண்டு. வேகமா பண்ண டிசால்டிங் காலம் ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாம்னு இருக்கேன்.

சூளை கேஸுக்கு இந்த என்சைமை அப்படியே காட்ட முடியாது, 60 டிகிரியைத் தொடுறதுக்கு முன்னாடியே இது அவிழ்ந்துடும், கேஸை முதல்ல ஆற வைக்கணும். இப்போதைக்கு அந்தப் பொண்ணு மெக்னீசியம் ஹைட்ராக்சைடைத் தண்ணில கலக்கி, அதே சோடாக்காரர் கேஸை ஊத்தி, என்சைம் போட்டது போடாதது ரெண்டையும் வெச்சு எவ்வளவு கார்பனேட் வருதுன்னு எடை போட்டுக்கிட்டு இருக்கா. சல்ஃபோனமைடு ரெசினுக்குக் கொட்டேஷன் கேட்டிருக்கோம், வந்ததும் தை மாசம் மூணாவது பேட்ச்.